பாரதம் படிப்போனுக்குப் பங்கு, மணிமங்கலம் படிப்போனுக்கு?

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலம் இன்று ஞாலம் அறிந்த தொழிற்களம். கொரியரும் சப்பானியரும் செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் வந்திறங்கித் தானுந்துகளையும் சரக்குந்துகளையும் மின்கருவிகளையும் ஆக்கிக் கடல் கடந்து அனுப்பும் இடம். ஏரி நீரை நம்பி நெல் விளைத்த மண், ஒரு தலைமுறைக்குள் பொறிகளை விளைக்கும் மண்ணாயிற்று. பணி மாறும் பொழுதுகளில் ஆலைப் பேருந்துகள் அணியணியாய் ஓடுகின்றன. அவற்றுள் அமர்ந்து கண்ணயரும் இளைஞர்களுள் எத்தனை பேர் அறிவர், தம் ஆலைகளின் பக்கத்திலேயே ஒரு பழம்போர்க்களம் கிடக்கின்றது என்று?

அக்களத்தின் பெயர் மணிமங்கலம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்வார் கடக்கும் ஊர். பெரிய ஏரியும் பழங்கோயில்களும் உடைய ஊர். ஏறத்தாழ 1,380 ஆண்டுகளுக்கு முன், வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசியைக் காஞ்சிப் பல்லவன் முதலாம் நரசிங்கவர்மன் முறியடித்த களங்களுள் அதுவும் ஒன்று. புலிகேசி எளியவன் அல்லன். வடநாட்டுப் பேரரசன் அர்சனையே தெற்கே வரவிடாமல் தடுத்து நிறுத்தியவன். அத்தகையவனைப் புறங்காட்டச் செய்து, 642இல் அவன் தலைநகரையே கைக்கொண்டதால் பல்லவன் 'வாதாபி கொண்டான்' எனப் பெயர் பெற்றான்.

இனி, நம் தெருவில் விளையாடும் சிறுவன் ஒருவனை நிறுத்திப் பாரதப் போர் எத்தனை நாள் நடந்தது என்று கேளுங்கள். பதினெட்டு நாள் என்று தயங்காமல் கூறுவான். யார் தேரை யார் ஓட்டினார், யார் அம்புப் படுக்கையில் கிடந்தார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மணிமங்கலத்தில் யாரை யார் வென்றார் என்று கேளுங்கள். அச்சிறுவன் மணிமங்கலத்திலேயே பிறந்தவனாயினும் பெரும்பாலும் விழிப்பான். பிழை சிறுவனுடையது அன்று. அவனுக்குச் சொல்லாத நம்முடையது.

தொன்மப் போர்களைக் கல்லில் செதுக்கிய கைகளை நாம் குறைத்துப் பேசவில்லை. அவை நம் கைகள். குடந்தை நாகேசுவரன் கோயிலிலும் புள்ளமங்கையிலும் முற்சோழர் காலத்துத் தச்சர், ஏறத்தாழ ஒரு சாண் அளவுள்ள கற்பரப்பில் இராமகாதை நிகழ்ச்சிகளை அடக்கிக் காட்டியுள்ளனர். மாமல்லபுரத்துக் குடைவரையில் கொற்றவை அரிமாமீது அமர்ந்து எருமைத்தலையனை எதிர்த்து வரும் காட்சியைக் கண்டவர் மறவார். அவன் முற்றும் வீழவில்லை. இன்னும் ஓங்கிய தண்டோடு நிற்கிறான். ஆயினும் அவன் உடல் பின்சாயத் தொடங்கிவிட்டது. போர் எப்பக்கம் திரும்புகின்றது என்பதை அச்சாய்வொன்றிலேயே காட்டிவிட்டான் சிற்பி. எல்லோராவில் இரட்டர் குடைந்த கயிலாயத்திலும், போசளர் அளேபீட்டில் எடுத்த கோயிலிலும் பாரதமும் இராமகாதையும் கல்லில் ஓடுகின்றன. கடல் கடந்த கம்போடியாவில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அங்கோர் வாட்டின் நெடுஞ்சுவர்களில் பாரதப் போரும் இலங்கைப் போரும் படைபடையாய் மோதுகின்றன.

ஆனால் கம்போடியர் அதனோடு நிற்கவில்லை. அங்கோர் வாட்டுக்குப் பின் ஏழாம் செயவர்மன் எடுப்பித்த பாயோன் கோயிலின் சுவர்களில் தம் சொந்தப் போரையும் செதுக்கினர். சாம் நாட்டாரோடு நீரில் நிகழ்ந்த படகுப்போரும், படையோடு சென்ற வண்டிகளும், சமைப்பாரும், சந்தையும், மீன்பிடிப்பாரும் அங்கே உள்ளனர். தெய்வங்களின் போருக்கு ஒரு சுவர், தம் மக்களின் போருக்கு ஒரு சுவர். தன்னை மதிக்கும் மக்கள் இவ்விரண்டையும் வைத்துக்கொள்வர்.

அவர்கட்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே தமிழ்நாட்டில் அது நடந்துவிட்டது என்பதே நாம் இங்குச் சொல்ல வந்தது.

காஞ்சியில், 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் எடுப்பித்த பரமேச்சுர விண்ணகரம் உள்ளது. வைகுந்தப் பெருமாள் கோயில் என்று இன்று வழங்குவது அதுவே. நடுக்கோயிலைச் சுற்றி அரிமாத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று. அதன் சுவர் நெடுக, மேலும் கீழுமாக இரண்டு வரிசைகளில் புடைப்புச் சிற்பங்கள். தொடக்கத்தில் தொன்ம முன்னோர் வருகின்றனர். பின்பு பல்லவ அரசர் ஒருவர்பின் ஒருவராக முடிசூடுகின்றனர், தூதரை ஏற்கின்றனர், போருக்கு எழுகின்றனர். யானைகள் முட்டுகின்றன, குதிரைகள் பாய்கின்றன, மறவர் வீழ்கின்றனர். அவ்வரிசையில் வாதாபி கொண்டவனின் காலமும் அடங்கும் என்பது ஆராய்ந்தோர் முடிபு. ஓர் அரச குடியின் வரலாற்றையே தொடர்சிற்பமாக்கி ஒரு கோயிலின் சுற்றுச்சுவர் முழுதும் நிரப்பியது இந்திய நிலப்பரப்பில் மிக அரிய செயல்.

அதனினும் அரியது ஒன்று அங்கு உண்டு. சிற்பங்கள் சிலவற்றுக்கு விளக்கம் எழுதியுள்ளனர். அவ்விளக்கம் தமிழில் உள்ளது. வடசொற்கள் விரவிய தமிழ்தான். ஆயினும் சொற்றொடர் நம்முடையது. இரண்டாம் பரமேச்சுரவர்மன் இறந்தபின் நாடு அரசனின்றி நின்றது. அமைச்சரும் கடிகையாரும் நாட்டு முதலிகளும் பல்லவரின் கிளைவழியினனான இரணியவர்மனிடம் சென்று ஓர் அரசனைத் தருமாறு வேண்டினர். அவன் தன் மக்களை அழைத்து, உங்களில் போவார் யார் என்றான். மூத்தவர் மூவரும் மறுத்தனர். பன்னிரண்டு அகவையினனான பல்லவமல்லன் மட்டும், யான் போவேன் என்று தொழுது நின்றான். அச்சிறுவன் காடும் மலையும் கடந்து காஞ்சிக்கு வந்து முடிசூடிய செய்தியைக் கல்லும் எழுத்தும் சேர்ந்து சொல்கின்றன. பின்னாளில் அவன் பெற்ற வெற்றிகளைத் திருமங்கையாழ்வார் அக்கோயிலைப் பாடிய பதிகத்தில் களங்களின் பெயரோடு குறித்தார். கல், எழுத்து, பாட்டு மூன்றும் ஒரே கோயிலில் ஒரே வரலாற்றுக்குச் சான்று நிற்கின்றன. வேறெந்த நாட்டினராயினும் இதனைத் தலைமேல் வைத்துக் கூத்தாடியிருப்பர்.

இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்து நூலாக்கியவர் கடம்பி மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண்மணி அவர். 1940இல் இளமையிலேயே மறைந்தார். அவர்தம் நூல் 1941இல், அவர் கண்ணால் காணாமலே, ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்நூலைப் படித்த தமிழர் எத்தனை பேர்? அவர் பெயரையாவது கேட்ட மாணவர் எத்தனை பேர்?

இனி மணிமங்கலத்துக்கு மீள்வோம். அப்போரைப் பற்றிய செய்தி நமக்கு எங்கிருந்து கிடைத்தது? காஞ்சியை அடுத்த கூரம் என்னும் ஊரின் செப்பேட்டிலிருந்து. நரசிங்கவர்மனின் பெயரன் முதலாம் பரமேச்சுரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கியது அது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களில் புலிகேசி தோற்றோடினான்; ஓடுகின்றவனின் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லைப் பல்லவன் எழுதினான் என்று அச்செப்பேடு கூறுகின்றது. கற்பனை நன்று. ஆனால் அது எழுதப்பட்ட மொழி எது? வடமொழி. முதுகில் எழுதியதாகக் கூறும் சொல்லும் 'விசய' என்னும் வடசொல். தமிழ் மண்ணில் தமிழ் உழவர் மக்கள் குருதி சிந்திப் பெற்ற வெற்றி, அவர்க்கு விளங்காத மொழியில் பதிவாயிற்று.

செப்பேட்டில் தமிழே இல்லையோ எனில், உண்டு. நிலம் எது, எல்லை எது, யார்க்கு எவ்வளவு பங்கு என்னும் நடைமுறைப் பகுதி முழுதும் தமிழ். புகழுக்கு வடமொழி, பொறுப்புக்குத் தமிழ் என்பது அன்றைய ஏற்பாடு. அத்தமிழ்ப் பகுதியில் ஒரு செய்தி உள்ளது. கூரத்து மண்டபத்தில் இருந்து பாரதம் படிப்பவனுக்கு ஒரு பங்கு என்று அரசன் ஒதுக்கியுள்ளான்.

அன்பர்களே, இச்செய்தியைச் சற்று நின்று எண்ணுங்கள். மணிமங்கலப் போரைச் சொல்லும் அதே செப்பேடு, பாரதப் போரைப் படித்துக் காட்டுவதற்கு நிலத்தில் பங்கு வைத்தது. மணிமங்கலப் போரைப் படித்துக் காட்டுவோனுக்கு எவரும் பங்கு வைக்கவில்லை. ஒன்று ஊர்தோறும் ஓதப்பட்டது, மேடைதோறும் ஆடப்பட்டது, நம் நாளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் வந்தது. மற்றொன்று செம்பில் உறங்கியது. 1890இல் செருமானிய அறிஞர் ஊல்சு கல்வெட்டுத் தொகுதியின் முதல் மடலத்தில் அச்சேற்றியபோதுதான் அது கண்விழித்தது. ஒரு மக்கள் எதனை நினைவில் வைப்பர் என்பது தானே நிகழ்வதன்று. யாரோ ஒருவர் படித்தார், யாரோ ஒருவர் அவருக்குப் பங்கு அளித்தார், அதனால் நின்றது. பங்கு இல்லாதது மறைந்தது.

பல்லவர் தமிழரா என்று சிலர் வினவுவர். அவர்தம் முற்காலச் செப்பேடுகள் பாகதத்திலும் வடமொழியிலும் உள்ளன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயின் அரசன் எக்குடியினனாயினும் ஆகுக. மணிமங்கலத்தில் வெட்டுண்டு வீழ்ந்த காலாள் எம்மொழியில் தாயை அழைத்திருப்பான்? காஞ்சிச் சுவரில் உளி பிடித்தவன் எம்மொழியில் தன் மகனைக் கடிந்திருப்பான்? நாம் தேடுவது அவர்களின் வரலாற்றை.

இத்தேட்டத்திற்கு மணிமங்கலமே வேறொரு விடை வைத்துள்ளது. நான்கு நூற்றாண்டுகள் கழித்து, அவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவரில் சோழர் நெடிய கல்வெட்டுகளைப் பொறித்தனர். முதலாம் இராசாதிராசன், அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன், அவனுக்கு இளையவன் வீரராசேந்திரன் ஆகிய மூவரின் மெய்க்கீர்த்திகளும் அங்குள்ளன. இம்முறை புகழும் தமிழில் வந்தது. 1054இல் பேராற்றங்கரைக் கொப்பத்தில் மேலைச் சளுக்கியன் ஆகவமல்லனோடு நிகழ்ந்த போரை அக்கல்லில் படிக்கலாம். அப்போரில் அண்ணன் இராசாதிராசன் யானைமேல் இருந்தவாறே உயிர்நீத்தான். கலங்கிய படையைத் தம்பி இராசேந்திரன் தாங்கி நின்று வென்று, களத்திலேயே முடிசூடினான். அவன் ஏறிய யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் அம்புகள் தைத்ததை மறைக்காமல் கூறுகின்றது கல். பிடிபட்ட யானைகளைப் பெயர் சொல்லி எண்ணுகின்றது. சிற்பி உளியால் செய்ததைப் புலவன் சொல்லால் செய்தான். அதுவும் போர்ச்சிற்பமே, எழுத்தால் ஆன புடைப்புச் சிற்பம்.

ஆனால் ஒன்றை மறைத்தால் நாமும் பொய்யராவோம். வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, பகைத்தலைவன் சாமுண்டராயனின் தலையை அறுத்ததைச் சொன்ன கையோடு, அவனுடைய ஒரே மகள் நாகலை என்பவளின் மூக்கையும் அறுத்ததாகப் பெருமையோடு கூறுகின்றது. மயில் போன்ற சாயலினள் என்று அவளை வருணித்துவிட்டே அதனைச் செய்கின்றது. இதுவும் நம் கல்லில் நம் மொழியில் உள்ளது. இதனைப் படிக்கும்போது தலை குனியத் தெரியாதவன், கொப்பத்தைப் படிக்கும்போது தலை நிமிரத் தகுதியற்றவன். தொன்மப் போரில் அறமும் மறமும் தனித்தனியே பிரிந்து நிற்கும். வரலாற்றுப் போரில் அவ்வாறு நில்லா. அதனாற்றான் வரலாறு படிக்கப்பட வேண்டும். வீம்புக்காக அன்று, நாம் யார் என்பதை முழுமையாக அறிவதற்காக.

பகைவரும் கல்லை மதித்தனர் என்பதற்குக் காஞ்சியே சான்று. புலிகேசியின் வழிவந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றினான். கயிலாயநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டும் கொள்ளையிடாமல் கோயிலுக்கே திருப்பியளித்து, அச்செய்தியை அக்கோயில் தூணில் தன் கன்னட மொழியில் பொறித்துச் சென்றான். வென்றவன் வந்த இடத்திலும் தன் மொழியை விடவில்லை. நாமோ வீட்டிலிருந்தே நம் மொழியை விடுகின்றோம்.

அரசர்க்கு முன்பே நம் மக்கள் போரைக் கல்லில் வைத்தனர். ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு நடுகல் நட்ட நெறி தொல்காப்பியம் அறிந்த நெறி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள், கிறித்துவுக்கு முற்பட்டவை என அறிஞர் கணித்த தமிழ் எழுத்தைத் தாங்கியவை. செங்கம் பகுதி நடுகற்களில் ஊர்ப்பெயரும் வீழ்ந்தவன் பெயரும் வட்டெழுத்தில் உள்ளன. அரசனும் இல்லை, தேவனும் இல்லை. ஊருக்காக வீழ்ந்த ஓர் ஆள், அவன் கையில் ஒரு வில், பக்கத்தில் இரண்டு வரித் தமிழ். தமிழனின் போர்ச்சிற்பம் அங்கே தொடங்கியது.

இம்மரபினராகிய நாம் இன்று என்ன செய்துள்ளோம்? காஞ்சிக்கு அருகிலேயே புள்ளலூர் உள்ளது. பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு கூறும் களம் அது. 1780இல் ஐதரும் திப்புவும் ஆங்கிலேயர் படையை அழித்த களமும் அதுவே. அங்கு, 1781ஆம் ஆண்டுப் போரில் மாண்ட ஆங்கிலப் படைத்தலைவர் இருவர்க்கு அவர்தம் நாட்டார் எழுப்பிய நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வந்தவன், தன் ஆள் வீழ்ந்த இடத்தைத் தூண் நட்டு நினைத்தான். இம்மண்ணிலேயே பிறந்த நாம் மணிமங்கலத்தை எவ்வாறு நினைக்கின்றோம்?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. இத்தொழிற்களத்தில் நாள்தோறும் மண்வாரிப் பொறிகள் நிலத்தைக் கீறுகின்றன. கீறும் மண் வெறுமண் அன்று. 2022இல் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் நடுவண் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும் பானையோடுகளும் பொன்னணிகளும் கிடைத்தன. ஆலைக்கு அடித்தளம் இடுவோர் கையில் அவை கிடைத்திருப்பின் என்னவாகியிருக்கும்? ஆலைகளை நாம் வெறுக்கவில்லை. நம் பிள்ளைகள் அங்குச் சோறு உண்கின்றனர். ஆனால் ஆலையின் வாழ்நாள் எவ்வளவு? 2006இல் திருப்பெரும்புதூரில் பெரும்புகழோடு திறந்த நோக்கியா தொழிலகம் 2014இல் மூடப்பட்டது, எட்டே ஆண்டுகள். மணிமங்கலத்துக் கல் ஏறத்தாழ 970 ஆண்டுகளாகப் பணியில் இருக்கின்றது. எட்டாண்டு நிற்பதற்காக ஆயிரமாண்டு நிற்பதை அழிப்பது எவ்வகைக் கணக்கு?

கோயிலுக்குள்ளும் கேடு உண்டு. திருப்பணி என்னும் பெயரால், அழுத்திய காற்றோடு மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்யும் மணல்வீச்சு முறை பல கோயில்களில் கையாளப்பட்டது. அது அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. எழுத்தின் விளிம்பையும், சிற்பத்தின் மூக்கையும் விரலையும் சேர்த்தே எடுக்கின்றது. கருங்கல்லே தேயுமெனில், வைகுந்தப் பெருமாள் கோயிலின் மணற்கல் என்னாகும்? அது காற்றுக்கும் மழைக்குமே உதிர்ந்து வருகின்றது. வண்ணப்பூச்சும் சுண்ணாம்பும் சிமிட்டியும் எழுத்தை மூடுகின்றன. சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூனில் கோயில்களின் தொன்மைகாக்க 75 நெறிகளை வகுத்துத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தாளில் உள்ளது. அதனைச் சுவருக்குக் கொண்டுவருவது மக்கள் விழிப்பே.

அதே ஆண்டு ஆகத்தில் மதுரைக் கிளை வேறோர் ஆணை பிறப்பித்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரிலேயே கிடந்தன. அவற்றைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருக என்பது அவ்வாணை. நம் முன்னோர் கல்லில் எழுதிய தமிழைக் காண நாம் மாநிலம் கடந்து செல்ல வேண்டியிருந்தது என்பதை நம் பிள்ளைகள் நம்புவார்களா?

நாம் வேண்டுவன பெரியன அல்ல. மணிமங்கலத்து ஊர் எல்லையில், அங்கு நிகழ்ந்த போரையும் கோயிற்சுவரில் உள்ள கல்வெட்டுகளின் செய்தியையும் நல்ல தமிழில் பொறித்த ஒரு கல் நிற்க வேண்டும். காஞ்சித் திருச்சுற்றில் ஒவ்வொரு சிற்பத்துக்கும் கீழே, அது இன்னது என்று தமிழில் எழுதப்பட வேண்டும். பல்லவன் செய்ததைத்தான் மீண்டும் செய்யக் கேட்கின்றோம். மீனாட்சியின் நூல் தமிழில் வர வேண்டும். இத்தொழிற்களத்தில் புதுநிலம் எடுக்குமுன் தொல்லியல் அறிந்தோர் அந்நிலத்தைப் பார்வையிட வேண்டும். இங்குள்ள பள்ளிகளில் இப்பகுதியின் கல்வெட்டு ஒன்றையேனும் மாணவர் நேரில் கண்டு படிக்க வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மணிமங்கலக் கல்வெட்டுகள் 1899இலேயே அச்சாகிவிட்டன. அவற்றின் படியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குச் செல்லுங்கள். ஆலையில் பணிபுரியும் தம்பியையும் பள்ளியில் படிக்கும் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சுவரில் எழுத்தை விரலால் தொடாமல் கண்ணால் தொடர்ந்து, வாய்விட்டுப் படியுங்கள். முதல் வரி தடுமாறும். இரண்டாம் வரியில் ஒரு சொல் பிடிபடும். மூன்றாம் வரியில் அது நம் வீட்டுப் பேச்சாகிவிடும். கொப்பத்தையும் படியுங்கள், நாகலையையும் படியுங்கள்.

பாரதம் படிப்போனுக்குப் பல்லவன் நிலத்தில் பங்கு வைத்தான். மணிமங்கலம் படிப்போனுக்கு வைக்க நம்மிடம் நிலம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கின்றது. அப்பங்கையேனும் கொடுப்போம்.